விமானம் தெரியணும், வேன் தெரியக் கூடாது!

கேமரா: கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி பின்னணியை மங்கலாக்குவது பற்றியவை. அதனால் அவற்றை மட்டும் சேர்த்துப் பதில் சொல்கிறோம். தனியாகக் குறிப்பிடாத இடங்களில் கணக்கெல்லாம் ஏபிஎஸ்-சி சென்சார் (பெரும்பாலான தொடக்கநிலை கேமராக்களில் உள்ள அளவு) கேமராவுக்கும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸுக்கும் உரியது.

கேள்வி: தஞ்சைப் பெரிய கோயில் முன்னால் என் மகளை நிற்கவைத்து 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸில் படம் எடுக்கிறேன். விமானம் மங்கலாக இருந்தாலும் பெரிய கோயில்தான் என்று தெரிய வேண்டும். கூட்டமும் வேன்களும் மறைய வேண்டும். அப்பர்ச்சர் (லென்ஸ் துளை) எவ்வளவு வைக்கலாம்?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: எஃப் 2.8. ஆனால் ஏன் என்று தெரிந்துகொண்டால் அடுத்த இடத்தில் நீங்களே முடிவு செய்யலாம்.

மங்கலின் அளவைத் தீர்மானிப்பது லென்ஸ் துளையின் உண்மையான விட்டம். லென்ஸின் 50 மி.மீ.-ஐ எஃப் எண்ணான 1.8-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 28 மி.மீ. வரும். பின்னணி வெகுதூரத்தில் இருந்தால், அங்குள்ள ஒவ்வொரு புள்ளியும் உங்கள் மகள் முகத்தருகே பிடித்த பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக விரியும். பின்னணி பக்கத்தில் இருந்தால் வட்டம் சுருங்கும். ஆளிலிருந்து பின்னணி வரை உள்ள தூரத்தை, கேமராவிலிருந்து பின்னணி வரை உள்ள தூரத்தால் வகுத்து, துளை விட்டத்தோடு பெருக்குங்கள். அதுதான் வட்டத்தின் அளவு.

இனி, பின்னால் இருக்கும் பொருள் ஆள் நிற்கும் இடத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று பார்க்க வேண்டும். விமானம் ஏறக்குறைய 66 மீட்டர் உயரம். 200 மீட்டர் தள்ளி நின்று, மகளை 2 மீட்டர் தூரத்தில் நிறுத்தினால், விமானம் அவள் பக்கத்தில் 66 செ.மீ. உயரமாகத் தெரியும். 28 மி.மீ. வட்டம் அதை ஒன்றும் செய்யாது. யார் பார்த்தாலும் பெரிய கோயில் என்பார்கள். ஆனால் விமானத்தில் 3 மீட்டர் உயரமுள்ள ஒரு பகுதி அங்கே வெறும் 3 செ.மீ.தான். எஃப் 1.8-இல் அந்த அடுக்குகள் ஒன்றோடொன்று கரைந்து, கூம்பான ஒரு நிழலுரு மட்டும் மிஞ்சும். எஃப் 2.8 வைத்தால் வட்டம் 18 மி.மீ. ஆகும், அடுக்கு வரிசை மெல்லத் தலைகாட்டும்.

கூட்டத்தைப் பாருங்கள். கேமராவிலிருந்து 10 மீட்டரில் நிற்பவரின் தலை 2 மீட்டர் தூரத்துக்கு 4 செ.மீ. அளவாகச் சுருங்கும். எஃப் 2.8-இல் அங்கே வட்டம் 14 மி.மீ. முகத்தில் மூன்றில் ஒரு பங்கு. யார் என்று தெரியாது. எஃப் 4-க்குப் போனால் வட்டம் 10 மி.மீ. தெரிந்தவர்கள் அடையாளம் கண்டுவிடுவார்கள். ஆகவே 2.8. மகளின் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது வரை தெளிவாக விழ 17 செ.மீ. ஆழமும் கிடைக்கிறது.

வேன் விஷயம் வேறு. 40 மீட்டரில் நிற்கும் 5 மீட்டர் நீள வேன், மகள் பக்கத்தில் 25 செ.மீ. அகலமாகத் தெரியும். எஃப் 1.8-இல் கூட நம்பர் பிளேட் மறையுமே தவிர வேன் போகாது. ஒரு வெள்ளை மூட்டையாக நிற்கும். அதை மகளுக்குப் பின்னால் தள்ளுங்கள். தோள் அகலத்துக்குள் 25 செ.மீ. தாராளமாக அடங்கும். கேமராவை இடது வலமாக அரை அடி நகர்த்தினாலே போதும். கோயில் கிழக்கு பார்த்தது. விமானத்தின் முகப்பில் வெயில் விழுவது காலையில். 8 மணிக்கு முன் போனால் கூட்டமும் குறைவு.

கேள்வி: என்னிடம் 18–55 கிட் லென்ஸும் 55–250 ஜூமும் உள்ளன. பின்னணி மங்க 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கியே ஆக வேண்டுமா?
— வாசகி, மன்னார்குடி

பதில்: எங்கே எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 55 மி.மீ.-இல் எஃப் 5.6 என்றால் துளை 10 மி.மீ.தான், கிட் லென்ஸை விட்டுவிடுங்கள். ஆனால் ஜூமை 250-க்கு இழுத்தால் எஃப் 5.6-இலும் துளை 45 மி.மீ. இது 50 எஃப் 1.8-இன் துளையை விடப் பெரிது!

மார்பளவுப் படம், சட்டத்துக்குள் (ஃபிரேமுக்குள்) விழும் உயரம் 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 250-இல் நீங்கள் 6.7 மீட்டர் பின்னால் போக வேண்டும், 50-இல் 1.35 மீட்டர் போதும். வயல் வரப்பில் ஆளை நிறுத்தி, 200 மீட்டருக்கு அப்பால் பனை வரிசை இருந்தால் ஜூம் தரும் வட்டம் 43 மி.மீ., ஐம்பது தருவது 28. ஜூம் ஜெயிக்கிறது. அதே ஆளை வீட்டு முற்றத்தில் நிறுத்தி, 3 மீட்டர் பின்னால் தாழ்வாரச் சுவர் இருந்தால்? ஜூமுக்கு 14 மி.மீ., ஐம்பதுக்கு 19. அதுபோக, நம் பக்கத்து வீடுகளில் 6.7 மீட்டர் பின்னால் போனால் தெருவில்தான் நிற்பீர்கள்.

சம்பா வயல், ஆற்றுப் படுகை, கோடியக்கரை போன்ற திறந்தவெளிதான் உங்கள் களம் என்றால் இருப்பதே போதும். கல்யாணம், காதுகுத்து, வீட்டு விசேஷம் எடுப்பீர்கள் என்றால் ஐம்பதை வாங்குங்கள். மங்கலைவிட முக்கியமாக, அது எஃப் 5.6-ஐக் காட்டிலும் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும்.

கேள்வி: நிச்சயதார்த்தப் படங்களில் பெண்ணின் கண் மங்கலாகவும் காது தெளிவாகவும் வருகிறது. சிலவற்றில் நெத்திச்சுட்டி மட்டும் தெளிவு. லென்ஸில் பழுதா?
— வாசகர், திருவாரூர்

பதில்: பெரும்பாலும் லென்ஸில் பழுது இருக்காது. நெத்திச்சுட்டி தெளிவாக வருகிறது என்றால் ஃபோகஸ் புள்ளியை கேமராவே தேர்ந்தெடுக்கும்படி விட்டிருக்கிறீர்கள். அந்த நிலையில் கேமரா முன்னால் துருத்திக்கொண்டு மினுமினுக்கும் எதையும் முதலில் பிடிக்கும். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றுங்கள். கண்ணைக் கண்டறியும் வசதி உள்ள கேமராவானால் அதைப் போடுங்கள்.

காது தெளிவாக வருவதற்குக் காரணம், நடுப்புள்ளியில் கண்ணைப் பிடித்து, பட்டனைப் பாதி அழுத்தியபடியே கேமராவைத் திருப்பி சட்டம் அமைப்பது. 1 மீட்டரில், 50 மி.மீ. எஃப் 1.8-இல் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே 2.7 செ.மீ. கேமராவை 15 டிகிரி திருப்பினால் ஃபோகஸ் தளம் கண்ணுக்குப் பின்னால் 3.4 செ.மீ. போய்விடும். ஆழத்தில் பாதிதான் கண்ணின் பக்கம் இருக்கும், அதாவது 1.3 செ.மீ. கண் தப்பாமல் என்ன செய்யும்? முதலில் சட்டத்தை அமையுங்கள், பிறகு புள்ளியைக் கண் இருக்கும் இடத்துக்கு நகர்த்துங்கள்.

நின்றபடி எடுக்கும்போது உடம்பு ஓரிரு செ.மீ. முன்பின் ஆடுவது இயல்பு. 1 மீட்டரில் அதுவே படத்தைக் கெடுக்கும். 2 மீட்டருக்குப் பின்வாங்கினால் ஆழம் 11 செ.மீ. ஆகிறது: கண்ணில் ஃபோகஸ் வைத்தால் மூக்கு நுனி உள்ளே, காது வெளியே. முகம் திரும்பியிருந்தால் கேமராவுக்கு அருகில் உள்ள கண்ணைப் பிடியுங்கள். தூரத்துக் கண் மங்கினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மாப்பிள்ளை பெண் இருவரும் ஒரே சட்டத்தில் என்றால் நெற்றியோடு நெற்றி ஒட்டி இருவரையும் ஒரே தளத்தில் நிறுத்துங்கள், இல்லையேல் எஃப் 4-க்குப் போய்விடுங்கள்.

இவ்வளவு செய்தும் டிஎஸ்எல்ஆரில் தவறினால் ஒரு சோதனை: செய்தித்தாளை மேசைமேல் விரித்து, 45 டிகிரி கோணத்தில் முக்காலியில் வைத்த கேமராவால் ஒரு வரியைக் குறிவைத்து, வியூஃபைண்டர் வழியாக ஒன்று, லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்தபடி) ஒன்று எடுங்கள். லைவ் வியூவில் குறிவைத்த வரி தெளிவாகவும் வியூஃபைண்டரில் முன்னோ பின்னோ தள்ளியும் விழுந்தால் ஃபோகஸ் சீரமைப்பு தேவை. மெனுவில் நுண்சீரமைப்பு இருந்தால் நீங்களே செய்யலாம், இல்லாவிட்டால் சர்வீஸ்.

கேள்வி: வேதாரண்யம் உப்பளத்தில் மதிய வெயிலில் எஃப் 1.8 வைத்தால் படம் வெளுத்துவிடுகிறது.
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16-க்கு ஷட்டர் 1/100 என்பது பழைய கணக்கு. எஃப் 1.8-க்கு அது ஏறக்குறைய 1/8000 ஆகும். உப்புப் பரப்பு வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் இன்னும் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி) கூட்டுங்கள்: 1/16000. பல கேமராக்களின் மெக்கானிக்கல் ஷட்டர் 1/4000-த்தோடு நின்றுவிடும். இரண்டு ஸ்டாப் அதிகம், படம் வெளுக்காமல் என்ன செய்யும்.

என்டி 8 ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) மாட்டினால் மூன்று ஸ்டாப் குறையும். லென்ஸின் முன்வளையத்தில் விட்டம் எழுதியிருக்கும், அதே அளவு வாங்குங்கள். மலிவான ஃபில்டர்களில் நிறம் திரியும். உப்பு பழுப்பாகத் தெரிந்தால் ஃபில்டரோடு சேர்த்து ஒயிட் பேலன்ஸைக் கையால் வையுங்கள். ஐஎஸ்ஓ 50 என்ற நீட்டிப்பை நம்ப வேண்டாம். பெரும்பாலான கேமராக்களில் அது வெளுப்பைக் காப்பாற்றாது. வீடியோவுக்கு, 25 ஃபிரேமில் ஷட்டர் 1/50 என்பதால், என்டி 8 போதாது. திருகிக் கூட்டிக் குறைக்கும் வேரியபிள் என்டி வேண்டும்.

கேள்வி: செல்போன் போர்ட்ரெயிட் மோடில் மல்லிகைச் சரமும் நெற்கதிரும் அரைகுறையாக வெட்டுப்பட்டு வருகின்றன.
— வாசகி, திருவையாறு

பதில்: போனில் துளை சில மி.மீ. மட்டுமே. ஆளை எடுக்கும்போது வரும் மங்கல், மென்பொருள் விளிம்பைக் கணித்துப் பூசுவது. தலைமுடி, பூச்சரம், சைக்கிள் ஸ்போக்ஸ், கதிரின் மீசை, விளக்குச் சுடர் என மெல்லியதும் ஒளி ஊடுருவுவதும் எதுவானாலும் அது தடுமாறும்.

வெற்றுப் பின்னணி உதவும். சரத்துக்குப் பின்னால் செடி கொடிக்குப் பதில் சுண்ணாம்புச் சுவர் இருந்தால் விளிம்பு ஒழுங்காக விழும். போனில் 2 அல்லது 3 மடங்கு லென்ஸ் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். எடுத்த பிறகு மங்கலை மாற்றும் வசதியில் எஃப் 1.4-க்கு இழுக்காமல் 4-க்கும் 5.6-க்கும் இடையில் நிறுத்துங்கள்; வெட்டு கண்ணில் படாது.

கதிருக்குப் போர்ட்ரெயிட் மோடே வேண்டாம். சாதாரண மோடில் 10 செ.மீ. வரை நெருங்குங்கள். அந்த நெருக்கத்தில் போன் லென்ஸே உண்மையான மங்கலைத் தரும், மீசை ஒவ்வொன்றும் தப்பாமல் நிற்கும். மிக நெருங்கினால் சில போன்கள் தானாக அகல லென்ஸுக்குத் தாவி மங்கலைக் கெடுத்துவிடும். மேக்ரோ குறியைத் தொட்டு அணைத்துவிடுங்கள். காற்று எழுவதற்கு முன், பனி காயாத நேரத்தில் போங்கள்.

கேள்வி: கும்பகோணத்தில் பழைய வீட்டு ஜன்னல் கம்பி வழியாகத் தெருவில் வரும் சுவாமி புறப்பாட்டை எடுக்க வேண்டும். கம்பி தெரியாமல் எடுக்க முடியுமா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: முடியும், லென்ஸ் கம்பியை ஒட்டி இருந்தால். துளையின் விட்டத்தைவிட ஒல்லியான எதுவும் லென்ஸ் முன்னால் கரைந்து போகும். 12 மி.மீ. கம்பி 28 மி.மீ. துளையை முழுதாக அடைக்க முடியாது. சுற்றி வரும் ஒளி படத்தை முடித்துவிடும். எஃப் 8 வைத்தால் துளை 6 மி.மீ., அதே கம்பி கறுப்புப் பட்டையாக விழும். அரை மீட்டர் பின்னால் தள்ளி நின்றால் எஃப் 1.8-இலும் மங்கலான பட்டையாகத் தெரியும்.

இதை மறைப்பதற்கு மட்டும் பயன்படுத்துவது வீண். முன்னால் கரையும் பொருள் படத்துக்கு நிறம் தரும். நாற்று நடும் பெண்களை வரப்பில் படுத்தபடி எடுக்கும்போது, லென்ஸுக்கு 10–15 செ.மீ. முன்னால் இரண்டு மூன்று நெல் இலைகள் இருக்கட்டும். சட்டத்தின் கீழே ஒரு பச்சைத் திரை விழும், தாள்கள் தனித்தனியாகத் தெரியாது. சந்தையில் செவ்வந்திக் குவியல், திருபுவனத்தில் தறியின் பட்டு இழைகள், எதுவும் ஆகும். சட்டத்தில் கால்பங்குக்கு மேல் போனால் படம் நனைந்த மாதிரி ஆகிவிடும். இலைமேல் நேர் வெயில் பட்டால் படம் முழுக்கப் பால் ஊற்றினது போல் வெளிறும். நிழலில் உள்ள இலையைத் தேடுங்கள். ஆட்டோ ஃபோகஸ் இலையையே பிடித்துத் தொலைக்கும், அதனால் மேனுவல்.

கேள்வி: கார்த்திகை தீபத்தன்று அகல் விளக்குகள் பின்னால் வட்ட வட்டமாகத் தெரிய வேண்டும். வேல் வடிவத்திலும் வருமாமே?
— வாசகி, சுவாமிமலை

பதில்: முன் விளக்கை லென்ஸிலிருந்து 60 செ.மீ.-இல் வைத்து அதில் ஃபோகஸ் செய்யுங்கள். மற்றவை 3 மீட்டரிலிருந்து 6 மீட்டர் வரை வரட்டும். 1.2 மீட்டரில் வைத்தால் வட்டம் 14 மி.மீ.; சுடரே அங்கு 12 மி.மீ. உயரமாகத் தெரியும், எனவே வட்டத்துக்குப் பதில் நீண்ட பொட்டு வரும். ஐஎஸ்ஓ 1600, 1/80-இல் தொடங்குங்கள். வட்டங்கள் மஞ்சள் போய் வெள்ளையானால் 1/200 வரை ஏற்றலாம். வானத்தில் நீலம் மிச்சமிருக்கும் நேரம், சூரியன் மறைந்து இருபது நிமிடம்போல, மிக நல்லது. ஓரத்து வட்டங்கள் எலுமிச்சை வடிவமாக நசுங்கும். லென்ஸ் குழாயே ஓரத்து ஒளியைக் கொஞ்சம் மறைப்பதால் வருவது அது. எஃப் 2.8-இல் குறையும், வட்டமும் சிறுக்கும்.

வேலுக்கு: கறுப்பு சார்ட்டில் லென்ஸ் முகத்தளவு வட்டம் வெட்டி, நடுவில் 18–20 மி.மீ. உயர வேல் வடிவத்தை வெட்டி எடுங்கள். 28 மி.மீ.-க்கு மேல் போனால் ஓரம் அறுபடும். வேலின் தண்டு ஒல்லியாக இருந்தால் மறைந்துவிடும். இலைப் பகுதியைத் தடிமனாக வெட்டுங்கள். சார்ட்டை லென்ஸ் முன் ஒட்டி, கேமராவில் எஃப் 1.8-ஐ அப்படியே விடுங்கள். அதற்கு மேல் மூடினால் உள்ளிருக்கும் இதழ்கள் வடிவத்தைத் தின்னும். வெளிச்சம் இரண்டு ஸ்டாப் அல்லது அதற்கு மேலும் குறையும், ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள்.

பின்னால் உள்ள விளக்குகளில் வேல் நேராக நிற்கும்; ஃபோகஸுக்கு முன்னால் உள்ள விளக்குகளில் தலைகீழாக விழும். எழுத்து வெட்டுவதானால் கேமராவின் பின்னாலிருந்து பார்க்கும்போது சரியாகப் படிக்கும்படி ஒட்டுங்கள். ஆனால் ‘ஓ’ போலச் சுழி உள்ள எழுத்தை வெட்டினால் நடுத்துண்டு கையோடு வந்துவிடும்! சுடரின் உயரம் வடிவத்தைக் கலைக்கும் என்பதால், வேலுக்கு விளக்குகள் 5–6 மீட்டர் பின்னால் இருக்க வேண்டும். சிறிய சீரியல் பல்பானால் 3 மீட்டரே போதும்.

கேள்வி: பரதநாட்டிய நிகழ்ச்சியில் 70–200 எஃப் 2.8 வைத்து எடுக்கிறேன். முத்திரை தெளிவாக வந்தால் முகம் மங்குகிறது.
— வாசகர், மயிலாடுதுறை

பதில்: 200 மி.மீ., 8 மீட்டர், எஃப் 2.8: ஆழம் 18 செ.மீ. கை நீட்டினால் முகத்துக்கும் விரலுக்கும் அரை மீட்டருக்கு மேல். எஃப் 5.6-க்குப் போனாலும் 36 செ.மீ.தான், அதற்கு மேடை வெளிச்சமும் பத்தாது. ஆகவே இடத்தை மாற்றுங்கள். மேடையின் பக்கவாட்டில் 70–80 டிகிரி தள்ளி உட்கார்ந்தால், சபையைப் பார்த்து நீளும் கை உங்களுக்குக் குறுக்காக நீளும். கையும் முகமும் ஏறக்குறைய ஒரே தளத்துக்கு வரும். நடு வரிசையிலேயே இடம் கிடைத்தால் அபிநயத்தில் முகத்தை விடாதீர்கள். முத்திரை மங்கினால் பாதகமில்லை.

பக்கவாட்டில் இன்னொரு லாபம், பின்னால் இருக்கும் ஃபிளெக்ஸ். ஆடுபவருக்கு 3 மீட்டர் பின்னால் இருந்தால் எஃப் 2.8-இல் கூட மங்கல் வட்டம் 19 மி.மீ. மட்டுமே. ஒரு சாண் உயர எழுத்தை அது அழிக்காது, நன்கொடையாளர் பெயரை யாரும் படிக்கலாம். ஓரத்திலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் கறுப்புத் திரை வரும். ஷட்டர் 1/500, ஐஎஸ்ஓ 3200 வரை தயங்க வேண்டாம். எல்இடி விளக்கில் பட்டை பட்டையாக விழுந்தால் எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து மெக்கானிக்கலுக்கு வாருங்கள்.

கேள்வி: ஐம்பொன் சிலையில் உளி வேலை நடக்கும்போது எடுத்த படத்தில், சிலை விளிம்பெல்லாம் ஊதாவும் பச்சையுமாகக் கோடு.
— வாசகர், கும்பகோணம்

பதில்: துளையை முழுதாகத் திறந்தால் பெரிய துளையுள்ள லென்ஸ்களில் வரும் நிறப்பிழை அது: ஃபோகஸுக்கு முன்னால் ஊதா, பின்னால் பச்சை. மெருகு போட்ட உலோகத்திலும் வெள்ளிக் கொலுசிலும் அதிகம் தெரியும். எஃப் 2.8-இல் பெருமளவு குறையும், எஃப் 4-இல் அநேகமாகப் போய்விடும். கணினியில் ‘டிஃப்ரிஞ்ச்’ கருவி மிச்சத்தை எடுக்கும். ஆனால் அதிகம் இழுத்தால் ஊதாப் பட்டும் சாம்பலாகிவிடும். அரை மீட்டரில் எஃப் 1.8-க்கு ஆழம் வெறும் 6 மி.மீ., எஃப் 5.6-க்கு 2 செ.மீ. எனவே உளி முனையும் சிலையின் முகமும் கேமராவிலிருந்து சம தூரத்தில் வரும்படி பக்கவாட்டில் நகர்ந்து, எஃப் 4-இல் எடுங்கள். பட்டறையின் பின்சுவர் 3 மீட்டர் தள்ளி இருந்தால் அப்போதும் நன்றாகவே மங்கும்.